மொழி மாறிய மகளும் குரல் இழந்த தந்தையும்

2025ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரித்தானிய அரசாங்கம் குடிவரவு பற்றிய வெள்ளை அறிக்கையொன்றை வெளியிட்டது. நிரந்தர வதிவிட உரிமை கோருவோர் ஐந்து ஆண்டுகளுக்குப் பதிலாகப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். தொழில் நாடி வருவோர் முன்னிலும் உயர்ந்த தரத்தில் ஆங்கிலம் அறிந்திருத்தல் வேண்டும் என்பன அதன் பிரேரணைகளுட் சில. அதனையொட்டிப் பேசிய பிரதமர் கெயர் ஸ்டாமர், நாடு அந்நியர்களின் தீவாகிவிடும் அபாயம் உண்டென்றார். அடுத்த மாதமே அச்சொற்களுக்காக வருந்துவதாகவும் கூறினார். வருந்தியது சொற்களுக்கேயன்றிப் பிரேரணைகளுக்கு அன்று.

இச்செய்தியைப் படித்தபொழுது என் நினைவிற்கு வந்தவர் ஷியாவோலு குவோ என்னும் நாவலாசிரியை. 2002ஆம் ஆண்டு புலமைப்பரிசில் பெற்றுச் சீனாவிலிருந்து இங்கிலாந்து சென்று, அங்கே திரைப்படக் கல்வி கற்றவர். அவ்வேளையில் அவரது ஆங்கிலம் மிகக் குறைவு. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 2007இல், அந்தக் குறையையே கருவியாகக் கொண்டு ஆங்கிலத்தில் ஒரு நாவலை வெளியிட்டார். காதலர்க்கான சுருக்கச் சீன-ஆங்கில அகராதி என்பது அதன் பெயர். அவ்வாண்டு ஒறேஞ்சுப் பரிசின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது.

அந்நாவலின் அமைப்பை ஆசிரியர்களும் மாணவர்களும் சிறிது நின்று நோக்குதல் தகும். ஆங்கிலம் பயில லண்டனுக்கு வரும் சீன இளம்பெண் ஒருத்தி கதை சொல்கிறாள். அவள் பெயரைப் பிறரால் உச்சரிக்க முடியாமையால் ஓர் எழுத்தே அவள் பெயராகிறது. அத்தியாயந்தோறும் தலைப்பில் ஓர் ஆங்கிலச் சொல்லும் அதன் அகராதிப் பொருளும் நிற்கும். தொடக்கத்திற் கால விகுதி பிழைக்கும். ஒருமை பன்மை மயங்கும். மாதங்கள் செல்லச் செல்ல வாக்கியங்கள் நிமிர்கின்றன. மொழி வளர்கையிற் காதல் தேய்கிறது. வினைச்சொல்லிற் காலங்காட்டாத ஒரு மொழியிலே சிந்தித்தவளுக்கு, இறந்தகாலம், எதிர்காலம் என்று வாழ்வைக் கூறுபோடும் மொழியில் ஒருவனை நேசிப்பது எத்துணை இடர் என்பதனை இலக்கணப் பிழைகளே காட்டுகின்றன.

பிழையான மொழி இலக்கியமாகுமா என்று வினவுவோர் நம்மிடையும் இருந்தனர். 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் எழுந்த மரபுப் போராட்டத்தில், பேச்சு வழக்கைக் கதைகளிற் கையாண்டவர்களைப் பண்டிதர்கள் 'இழிசினர் வழக்கு' என்று சாடியதை மூத்த வாசகர் மறந்திரார். அவ்வழக்கு இங்கே எவ்வாறு தீர்ந்தது என்பதற்குப் பின்வந்த நம் சிறுகதைகளே சான்று. ஆயினும் குவோவின் துணிவு வேறு வகையானது. நம் எழுத்தாளர் தம் தாய்மொழியின் ஒரு வழக்கையே எடுத்தாண்டனர். அவரோ தமக்கு உரித்தல்லாத மொழியில், சோதனை அதிகாரி சிவப்பு மையாற் சுழிக்கும் வாக்கியங்களையே அந்நாட்டு இலக்கியத்திற் கொண்டுபோய் வைத்தார். 2013இல் 'கிரான்ரா' சஞ்சிகை அவரைச் சிறந்த இளம் பிரித்தானிய நாவலாசிரியர் இருபதின்மருள் ஒருவராகத் தெரிந்தெடுத்தது.

அவர் பிறந்தது 1973இல். பிறந்தவுடன் பிள்ளையற்ற ஒரு தம்பதியரிடம் கொடுக்கப்பட்டு, பின்னர் கீழைச் சீனக் கடற்கரையில் ஷித்தாங் என்னும் மீன்பிடிக் கிராமத்திலே பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தவர். பாட்டி எழுத்தறியாதவர், கால் கட்டப்பட்ட தலைமுறையினர். ஏழு வயதளவிலேதான் பெற்றோரிடம் சேர்ந்தார். 1993இற் பெய்ஜிங் திரைப்படக் கழகத்திற் பயிலச் சென்றார். எழுதிய திரைக்கதைகளைத் தணிக்கையாளர் திருப்பி அனுப்பினர். இவ்வரலாறு முழுவதையும் 2017இல் வெளிவந்த அவரது சுயசரிதை கூறும். அமெரிக்கத் தேசியப் புத்தக விமர்சகர் வட்டத்தின் பரிசு அதற்குக் கிடைத்தது.

நாவல்களிலும் அவரது விவரணப் படங்களையே நான் ஒருபடி மேலாக மதிக்கிறேன். கதைப்படமாகிய 'அவள், ஒரு சீனத்தி' 2009இல் லொக்கார்ணோ விழாவிலே தங்கச் சிறுத்தை விருதைப் பெற்றதுதான். எனினும் 2008இல் அவர் எடுத்த 'நாம் அதிசய உலகிற்குச் சென்றோம்' என்னும் சிறு படத்தின் அமைதி அதில் இல்லை. கறுப்பு வெள்ளைப் படம் அது. முதிய பெற்றோர் மகளைக் காண ஐரோப்பா வருகின்றனர். தந்தை ஓவியர், புற்றுநோய்ச் சிகிச்சையாற் குரலை இழந்தவர். கடதாசித் துண்டுகளில் எழுதிக் காட்டியே பேசுகிறார். தாயாருக்கு இங்கே எதுவும் பிடிக்கவில்லை. கமெரா வாளாவிருந்து இவற்றைப் பார்க்கிறது.

இதனோடு ஒப்பு நோக்க நமக்கு அண்மையிலேயே ஒரு படம் உண்டு. பசில் றைற் 1934இல் நெறிப்படுத்திய 'இலங்கைப் பாடல்' பிரித்தானிய விவரணப் பட மரபின் மணிமுடிகளுள் ஒன்றெனப் போற்றப்படுவது. தேயிலைப் பிரசாரத்தின் பொருட்டு எடுக்கப்பட்டது. அதிலே றொபேட் நொக்ஸ் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய சொற்களை லயனல் வென்ற் வாசிக்கிறார். காட்சியழகிற் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அங்கே நம் நாட்டார் காணப்படுகின்றவர், காண்கின்றவர் அல்லர். குவோவின் படத்திலோ கீழைத்தேசத்து முதியவர் இருவர் ஐரோப்பாவைக் கண்டு, வியந்தும் சலித்தும் தீர்ப்புக் கூறுகின்றனர். அந்த நாட்டின் விவரணக் கலை எழுபத்து நான்கு ஆண்டுகளில் நடந்து வந்த தூரம் இது.

குவோ பிரித்தானியக் கடவுச்சீட்டைப் பெற்றதும் சீனப் பிரஜாவுரிமை இல்லாமற் போயிற்று. 1980ஆம் ஆண்டுச் சீனத் தேசியவினச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வெளிநாட்டிற் குடியேறி அந்நாட்டுப் பிரஜையாகும் ஒருவர் தாமாகவே சீனப் பிரஜாவுரிமையை இழப்பார் என்கிறது. பழைய கடவுச்சீட்டை அதிகாரி கத்தரிக்கோலால் வெட்டிய காட்சியை அவர் எழுதியிருக்கிறார். 1948இற் சட்டமொன்றாற் பல இலட்சம் மலையக மக்கள் நாடற்றவராக்கப்பட்டதை அறிந்த நமக்கு அக்கத்தரிக்கோலின் ஓசை புதிதன்று. எனினும் வேறுபாட்டையும் சொல்லவேண்டும்: குவோ தாமே வேறு நாட்டைத் தெரிந்தார், எம்மவர்க்கு அத்தெரிவும் இருக்கவில்லை.

2014இல் ஜெய்ப்பூர் இலக்கிய விழா மேடையிலே, ஜொனதன் பிரான்சன் அருகிருக்க, அமெரிக்க இலக்கியம் அளவுக்கு மீறி மதிக்கப்படுகிறதென்றும், ஆங்கில வாசிப்பே உலக வாசகரின் சுவையை வகுக்கிறதென்றும் அவர் கூறியது சலசலப்பை ஏற்படுத்திற்று. கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அவ்வாங்கிலத்திற் சேர்ந்தமையாலேயே அம்மேடை அவருக்குக் கிட்டியது என்பதும் உண்மை. இம்முரண்பாட்டை அவர் அறியாதவரல்லர். அவ்வாண்டே வெளிவந்த 'நானே சீனம்' என்னும் நாவலின் மையத்தில், நாடுகடந்த இசைஞன் ஒருவனின் கடிதங்களை லண்டனிலிருந்து மொழிபெயர்க்கும் பெண்ணொருத்தி இருக்கிறாள். கதைப்பின்னல் இழுபட்டுப் போனாலும், ஒரு சொல்லிற்கு ஈடு தேடி அவள் இராப்பொழுதிற் படும் பாடு மனத்தில் நிற்கிறது.

2024இல் வெளிவந்த நூலிலே அவர் ஹேஸ்ரிங்ஸ் என்னும் கடற்கரைப் பட்டினத்தில் வாழ்ந்த ஓராண்டைக் கூறுகிறார். 1066இல் நோர்மானியர் வெற்றிகொண்ட போர் அப்பட்டினத்தின் பெயரையே தாங்கியது. வந்தேறிகளாகிய அவர்களின் பிரெஞ்சு மொழி நூற்றாண்டுகளாக அந்நாட்டு நீதிமன்றங்களை ஆண்டது. வழக்காடுதல் ஆங்கிலத்தில் நிகழவேண்டுமெனச் சட்டம் இயற்றப்பட்டது 1362இலேதான். வெள்ளை அறிக்கை வரைந்தோர் இந்நூலைப் படித்திருப்பரோ!

2025இல் அவர் மீண்டும் ஆண்கள் கடலுக்கே சென்றார். மெல்வில் 1851இல் வெளியிட்ட திமிங்கில வேட்டைக் காவியத்தை, ஆண்வேடம் பூண்டு கப்பலேறும் ஓர் ஆங்கிலப் பெண்ணின் கதையாக மாற்றி எழுதினார். மீனவக் கிராமத்திற் சீனம் பேசி வளர்ந்தவர் எழுதிய இக்கடற்கதையின் மூலம் ஆங்கிலம். ஷித்தாங்கில் ஒருவர் தம் மொழியில் அதனைப் படிப்பதாயின் அதற்கொரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.