வாழைக் குழியில் கிடைத்த பாடம்

மயிலாடுதுறைக்கு அருகே செம்பியன் கண்டியூர் என்னும் சிற்றூரில், 2006ஆம் ஆண்டில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் கொல்லையில் வாழையும் தென்னையும் நடக் குழி தோண்டியபோது, வழவழப்பான கற்கோடரி ஒன்று அகப்பட்டது. அதை வேலியோரம் வீசிவிடாமல், தொல்லியல் துறையிலிருந்த நண்பரிடம் அவர் கொண்டு சேர்த்ததனாலேயே அதன்மேல் கீறியிருந்த குறிகள் அறிஞர் கவனத்துக்கு வந்தன. அவை சிந்துவெளிக் குறிகளே என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். அக்கருத்தை ஏற்காதவர்களும் உண்டு. விவாதம் எவ்வாறு முடிந்தாலும், அந்தக் கல்லைக் காப்பாற்றியது சட்டமுமன்று, அகழாய்வுத் திட்டமுமன்று. ஓர் உபாத்தியாயருக்கும் ஒரு தொல்லியலாளருக்கும் இருந்த சிநேகமே. தற்செயலாய் வாய்த்த அந்தச் சிநேகத்தை நிரந்தர ஏற்பாடாக ஆக்குவதுதான், அருங்காட்சியகங்கள் பள்ளிகளை நாடிச் செல்ல வேண்டும் என்னும் கோரிக்கையின் சாரம்.

1851இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தை அந்நாளைய பாமர ஜனங்கள் ‘செத்த காலேஜ்’ என்றும், மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைத்தார்கள். பரிகாசமாகச் சொன்னாலும் பொருத்தமாகத்தான் சொன்னார்கள். ஆண்டுக்கொரு முறை பேருந்தில் வந்திறங்கி, வரிசை குலையாமல் நடந்து, அமராவதிச் சிற்பங்களையும் ஆதிச்சநல்லூர்ப் பானைகளையும் ஒரே வேகத்தில் கடந்து, கட்டுச்சோற்றைப் பிரிக்கும் அவசரத்தில் வெளியேறுகிற மாணவனுக்கு, அங்குள்ளவை எல்லாம் யாரோ அரசர்களின் ஆஸ்தியாகவே தோன்றுகின்றன. தன் ஊர் ஏரிக்கரையில் சாய்ந்து கிடக்கும் நடுகல்லும், தன் வீட்டு வயலில் ஏர் புரட்டிப் போடும் கறுப்பு சிவப்புப் பானை ஓடும் அவற்றுக்கு நெருங்கிய சுற்றம் என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை.

ஆகவே, அருங்காட்சியகக் காப்பாட்சியர் பள்ளிக்கு வரட்டும். ஆனால் பழம்பெருமைப் பிரசங்கம் செய்ய வேண்டாம். பெருமையை நம் பிள்ளைகள் மேடைகளில் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். ‘அது எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் பழக்கந்தான் இன்னும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. கீழடி அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்று கரிமப் பகுப்பாய்வில் கி.மு. 580ஐச் சேர்ந்ததென்று தெரியவந்தது. அந்த ஆண்டைக் காட்டிலும் அந்த ஆழமே மாணவருக்கு மேலான பாடம். ஏனெனில், எந்த மண்ணடுக்கில், எதனருகே கிடந்தது என்ற விவரம் அழிந்துபோனால், கையிலிருப்பது அழகிய பொருளாக இருக்கலாமேயன்றிச் சரித்திரச் சாட்சியம் ஆகாது. கண்டதைப் பையில் போட்டுக்கொள்ளாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் வந்து சொல்லும் அடக்கமே தொல்லியல் சாஸ்திரத்தின் அரிச்சுவடி.

பரீட்சைச் சுமைக்கிடையே இதற்கு நேரமேது என்பாரும், மாவட்டத்துக்கு ஓர் அருங்காட்சியகம் இருந்தாலும் எத்தனை பள்ளிகளுக்குத்தான் செல்ல முடியும் என்பாரும் உண்டு. பின்னது நியாயமான கேள்வியே. காப்பாட்சியர் எல்லாப் பள்ளிகளுக்கும் போக இயலாது. ஆனால் ஓடுகளும் நாணய நகல்களும் அடங்கிய ஒரு பெட்டி போகலாம். அதைத் திறந்து பேசப் பயின்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கலாம். இராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசுப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, மாணவர்களுக்குக் கல்வெட்டுப் படிக்கப் பயிற்சி அளித்திருப்பது, இது வெறும் மனோராஜ்யமன்று என்பதற்கு அத்தாட்சி.

பள்ளிகளுக்காகச் செலவிடும் நேரத்தை அருங்காட்சியகம் தர்மகாரியமாக எண்ணத் தேவையில்லை. அதனால் முதலில் பிரயோஜனம் அடையப்போவது அதுவேதான். காவலர் வைத்துக் காக்க முடியாத முதுமக்கள் தாழிக்காடுகளும், கல்லுடைப்பவரின் உளிக்கு எட்டும் தூரத்திலுள்ள சமணர் படுக்கைகளும் இந்நாட்டில் ஏராளம். அவற்றுக்கு அருகில் குடியிருப்பவர்கள் அதிகாரிகளல்லர், அந்தந்த ஊர்ப் பிள்ளைகளே. இன்னொரு கொல்லையில் மண்வெட்டி எதிலோ பட்டு ஒலிக்கும் நாளில், தோண்டுகிற தகப்பனாரிடம் ‘கொஞ்சம் பொறுங்கள், அப்பா’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அந்த வீட்டில் இருக்க வேண்டும்.