எந்த மகிழுந்து சிறந்தது?

1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா அறிமுகம் கண்டது. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1994இல் பெரோடுவா கஞ்சில் சாலைக்கு வந்தது. முன்னது சிவப்பு விதை தரும் மரத்தின் பெயரையும் பின்னது சருகுமானின் பெயரையும் தாங்கியவை. பல மலேசியக் குடும்பங்கள் முதன்முதலாக வாங்கிய மகிழுந்து இவ்விரண்டில் ஒன்றாகவே இருந்தது. ஆகவே, இவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம், 'எது சிறந்தது?' எனும் வினா எழுவது இயல்பே.

சாகாவின் தொடக்க மாதிரியில் 1,298 சி.சி. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட இயந்திரம் பொருத்தப்பட்டிருந்தது. கஞ்சிலின் தொடக்க மாதிரியிலோ 659 சி.சி. கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் மட்டுமே இருந்தன. சாகாவின் நீளம் 4 மீட்டருக்கும் அதிகம். கஞ்சிலின் நீளம் அதைவிடக் குறைவு. இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், சாகாவே சிறந்தது எனத் தீர்ப்புக் கூறிவிடுவார். ஆனால், அது அவசரத் தீர்ப்பாகும்.

இயந்திரத்தின் கொள்ளளவு கூடினால் இழுவைத் திறன் கூடும். அதனுடன் எரிபொருள் செலவும் கூடும். ஐவர் அமர்ந்து, பெருநாளுக்குப் பெட்டிகளோடு கிராமத்திற்குப் புறப்படும் குடும்பத்திற்குச் சாகாவின் ஆற்றலும் இடவசதியும் தேவை. அதே சுமையோடு கேமரன் மலை ஏறினால் கஞ்சில் திணறும். மாறாக, நாள்தோறும் தனியாக வேலைக்குச் செல்பவருக்குப் பின்னிருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும். நெரிசலான நகரில் குறுகிய இடத்திலும் நிறுத்தக்கூடிய கஞ்சில் அவருக்குப் போதும். தீபகற்ப மலேசியாவில் 1,000 சி.சி.க்கு உட்பட்ட தனியார் மகிழுந்துக்கு ஆண்டுச் சாலை வரி 20 ரிங்கிட், 1,298 சி.சி.க்கு 70 ரிங்கிட். சிக்கனம் வேண்டுவோருக்கு இதுவும் கருதத்தக்கதே.

'விலையும் செலவும் குறைந்தால் போதாதா?' எனச் சிலர் கேட்கலாம். போதாது. இவ்விரு மகிழுந்துகளின் தொடக்க மாதிரிகளிலும் பாதுகாப்புக் காற்றுப்பை இல்லை, ஏ.பி.எஸ். பிரேக் முறையும் இல்லை. மேலும், எடை குறைந்த வாகனம் எடை மிகுந்த வாகனத்தோடு மோதும்போது, எடை குறைந்ததே பெரும் அதிர்ச்சிக்கு உள்ளாகும். எனவே, நெடுஞ்சாலையில் அடிக்கடி பயணம் செய்வோர் கஞ்சிலைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை ஆகாது. சாகாவை வாங்குவோரும் கவனமாக இருத்தல் வேண்டும். பல்லாண்டு ஓடிய மகிழுந்தின் பிரேக்கும் சக்கரமும் இன்று எந்நிலையில் உள்ளன என்பதை அதன் பழைய விவரத்தாள் சொல்லாது. பட்டறையில் செய்யப்படும் முறையான சோதனையே அதைச் சொல்லும்.

ஆக, சாகா பெரியது என்பதாலேயே சிறந்ததாகிவிடாது; கஞ்சில் சிறியது என்பதாலேயே தாழ்ந்ததாகிவிடாது. எத்தனை பேர், எந்தச் சாலையில், எவ்வளவு தொலைவு செல்வர் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும்; அதன் பின்னரே எண்களை ஒப்பிட வேண்டும். தேவையை அறியாமல் ஒப்பிடுவது, அளவெடுக்காமல் சட்டை தைப்பதற்கு ஒப்பாகும். மகிழுந்து மட்டுமன்றி, கைப்பேசி, மடிக்கணினி என எதை வாங்கும்போதும் இந்த வரிசைமுறையைப் பின்பற்றுவதே நன்று.