கூச்சலின் நடுவே ஐந்து பாடல்கள்

றொக் இசை என்ற சொல்லைக் கேட்டவுடனே பெரியோர் காதைப் பொத்துவர். பிள்ளைகளோ கதவைச் சாத்திக்கொண்டு ஒலியைக் கூட்டுவர். பெரியோர் கேளாமலே பழிக்கின்றனர். பிள்ளைகள் ஆராயாமலே புகழ்கின்றனர். செய்யுள் ஒன்று ஏன் சிறந்தது என்று காரணம் காட்டும்படி மாணவரைக் கேட்கும் ஆசிரியன், தன் செவிக்கினிய பாடல்களுக்கும் காரணம் காட்டக் கடமைப்பட்டவன் அன்றோ? ஆகவே ஐந்து பாடல்களை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

அளவுகோல் யாது? விற்பனைத் தொகை அன்று. இரசிகரின் ஆரவாரமும் அன்று. பாட்டின் பொருளும் அதன் ஒலியும் ஒன்றையொன்று பிரியாது நிற்கின்றனவா என்பதே நான் கொண்ட அளவுகோல்.

ஐந்தாம் இடத்தில் நிற்பது சக் பெரி 1958ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜொனி பி. குட்’. எழுத்து வாசனை அதிகமில்லாத ஏழைச் சிறுவன் ஒருவன் கிற்றார் வாசித்துப் பெயர் பெறுவான் என்பதே கதை. அச்சிறுவனைக் கறுப்பினத்தவன் என்றே பெரி முதலில் எழுதினார். வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப வேண்டுமே என்று ‘நாட்டுப்புறத்துப் பையன்’ என மாற்றினார். ஆயினும் அந்தக் கிற்றாரின் துள்ளலை எவராலும் மாற்ற முடியவில்லை. 1977இல் வொயேஜர் விண்கலங்களில் அனுப்பப்பட்ட பொன்முலாம் பூசிய இசைத்தட்டில் இப்பாடலும் இடம்பெற்றது. இந்துஸ்தானி இசையரசி கேசர்பாய் கேர்கரின் பாடலும் அதே தட்டில் உண்டு. நம் வீடுகளில் சேர்ந்திருக்க மறுக்கும் இருவகை இசையும் விண்வெளியில் ஒருங்கே பயணம் செய்கின்றன!

நான்காவது, றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் ‘சற்றிஸ்பக்ஷன்’ (1965). இதன் தொடக்க இசைத்துணுக்கு உறக்கத்திடையே தமக்குத் தோன்றியதென்றும், அதை ஒலிநாடாவிற் பதித்துவிட்டு மீண்டும் உறங்கிப்போனதாகவும், நாடாவின் எஞ்சிய பகுதியெல்லாம் தமது குறட்டையே என்றும் கீத் றிச்சட்ஸ் கூறியுள்ளார். கரகரத்த அந்தக் கிற்றார் ஒலியைப் பின்னர் ஊதுகருவிகளால் மாற்றிவிடலாம் என்றே அவர் எண்ணியிருந்தார். நல்ல வேளையாக மாற்றவில்லை. விளம்பரங்கள் காட்டும் உலகில் மனநிறைவு காணாத ஒருவனின் எரிச்சலுக்கு அந்தக் கரகரப்பே உரிய குரல்.

மூன்றாவது, பீற்றில்ஸ் குழுவினரின் ‘எ டே இன் த லைவ்’ (1967). பத்திரிகைச் செய்திகளை வாசிப்பவன் கூற்றாக ஜோன் லெனன் ஒரு பகுதியையும், காலையில் எழுந்து அவசரமாய்ப் புறப்படுபவன் கூற்றாகப் போல் மக்காட்னி மற்றொரு பகுதியையும் தந்தனர். இரண்டையும் இணைக்க நாற்பது வாத்தியக்காரர் அழைக்கப்பட்டனர். மிகத் தாழ்ந்த சுரத்தில் தொடங்கி மிக உயர்ந்த சுரம்வரை, அவரவர் தத்தம் போக்கில் ஏறிச் செல்லுமாறு பணிக்கப்பட்டனர். ஈற்றில் பல பியானோக்களில் ஒருசேர அறைந்த ஒலி நாற்பது விநாடிகளுக்கு மேலாகத் தேய்ந்து தேய்ந்து மறைகின்றது. துயரச் செய்தியைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டும் நம் வழக்கத்தை இதனினும் கூர்மையாய் உணர்த்திய பாடலை நான் அறியேன்.

இரண்டாவது, பொப் டிலனின் ‘லைக் எ றோலிங் ஸ்ரோன்’ (1965). பாடலென்றால் மூன்று நிமிடம் என்றிருந்த காலத்தில் இது ஆறு நிமிடத்தைக் கடந்தது. ஒலிப்பதிவுக் கூடத்திற்கு வந்திருந்த அல் கூப்பர் என்ற இளைஞர் கிற்றார் வாசிப்பவர். ஓர்கனில் பழக்கம் இல்லாதவர். ஆயினும் துணிந்து அதன் முன் அமர்ந்தார். மற்றவர்களுக்கு இம்மியளவு பிந்தியே அவர் விரல்கள் விழுந்தன. அந்தத் தயக்கமே பாடலின் அழகாயிற்று. செல்வத்தில் வாழ்ந்து வீதிக்கு வந்துவிட்ட ஒருத்தியை நோக்கிய கேள்வியே பாட்டு. முதலில் ஏளனமாய் ஒலிக்கும் அக்கேள்வி, கேட்கக் கேட்க நம்மை நோக்கியும் திரும்புகின்றது. டிலனுக்கு 2016ஆம் ஆண்டில் இலக்கியத்திற்கான நோபெல் பரிசு கிடைத்தபோது சிலர் முணுமுணுத்தனர். இப்பாடலைக் கேட்ட எனக்கு வியப்பு உண்டாகவில்லை.

முதலிடத்தை, கிங்ஸ் குழுவினர்க்காக றே டேவிஸ் எழுதிய ‘வோட்டர்லூ சன்செற்’ (1967) என்ற பாடலுக்கே தருகிறேன். பலர் புருவத்தை உயர்த்துவர் என்பதை அறிவேன். இதில் கூச்சல் இல்லை, கோபமும் இல்லை. தனியே வாழும் ஒருவன், சன்னலருகே நின்று லண்டன் மாநகரின் மாலைப் பொழுதைப் பார்க்கிறான். தேம்ஸ் நதி ஓடுகிறது. புகையிரத நிலையத்தில் சனங்கள் மொய்க்கின்றனர். காதலர் இருவர் ஆற்றைக் கடந்து செல்கின்றனர். அவர்களிடம் அவனுக்குப் பொறாமை இல்லை. தொடக்கத்தில் படிப்படியாக இறங்கிவரும் கிற்றார் ஒலி, சூரியன் சாய்வதையே செவிக்குக் காட்டுகின்றது. சிறு வயதில் அந்த நதிக்கரை மருத்துவமனையில் நோயாளியாய்க் கிடந்து ஆற்றைப் பார்த்தவர் டேவிஸ் என்பதை அறிந்தால், அச்சன்னலின் அருமை இன்னும் விளங்கும்.

வேண்டும், இன்னும் வேண்டும் என்று முழங்குவதற்கே பிறந்தது றொக் இசை. அதனிடையே, பிறர் மகிழ்ச்சியைக் கண்டு தானும் நிறைவுறும் ஒருவனைப் பாடுவது எளிதன்று. நான்காம் பாடல் காணாத நிறைவை இது காண்கின்றது. இளமையில் எனக்கும் நான்காவதே முதலாவதாய் இருந்தது. அகவை நாற்பதைக் கடந்தபின் வரிசை தானே மாறிற்று.

குயீன் குழுவினரின் ‘பொஹீமியன் றப்சடி’ (1975) எங்கே என்று மாணவர் கேட்பர். பஞ்ச்கனியிற் கல்வி கற்ற பிரெடி மேர்க்குரியின் குரல்வளம் எனக்கும் வியப்பே. ஆனால் அப்பாடல் என்னை மலைக்கச் செய்கின்றதேயன்றி நெஞ்சில் வந்து தங்கவில்லை. லெட் செப்பலினின் ‘ஸ்ரெயர்வே ரு ஹெவன்’ (1971) படிப்படியாய் உயரும் இசையால் மயக்குகின்றது. அதன் சொற்களோ பொருள் தராது நழுவுகின்றன.

இவ்வரிசையை எவரும் ஏற்க வேண்டியதில்லை. வாசகர் வீடுகளில் தந்தையும் மகளும், தாயும் மகனும் ஆளுக்கு ஐந்து பாடல்களை எழுதி, காரணத்தையும் ஒவ்வொரு வரியில் குறித்துக்கொள்வார்களாக. பின்னர் மற்றவரின் ஐந்தையும் ஒருமுறையேனும் முழுமையாகக் கேட்பார்களாக. வரிசைகள் ஒத்துப்போகா. ஆயினும் சாத்திய கதவு ஒன்று திறக்கும்.