ஆடை மாறினால் அறம் மாறுமா?

பரளச்சியில் பேருந்தேறி, பெருநாள் துணி எடுக்க அருப்புக்கோட்டைக்குச் செல்லும் குடும்பங்களில் வழி நெடுகிலும் ஒரு வழக்கு நடக்கும். மகன் கேட்பது ஒன்று. தந்தை வாங்கித் தர எண்ணுவது மற்றொன்று. மகள் விரும்புவதைத் தாய் விரும்புவதில்லை. இறுதியில், “காலம் கெட்டுவிட்டது” என்று தீர்ப்பு எழுதப்படும். தீர்ப்பெழுதும் பெரியோரை நாம் மதிக்கிறோம். ஆனால் அத்தீர்ப்பை ஏற்க இயலவில்லை.

கெடாதிருந்த காலத்து ஆடை எது? நம் பாட்டனார் காலத்து நிழற்படங்களைப் பாருங்கள். செல்வாக்குள்ள நம்மவர் பலரின் தலையில் குஞ்சம் வைத்த துருக்கித் தொப்பி இருக்கும். அதை முன்னோர் தந்த அடையாளமென்றே பலரும் எண்ணினர். ஆனால் 1829-இல் துருக்கி சுல்தான் இரண்டாம் மஹ்மூத், தம் அலுவலர்கள் தலைப்பாகையைக் களைந்து இத்தொப்பியை அணிய வேண்டுமென்று ஆணையிட்டார். அன்று அது புது மோஸ்தர். நூறாண்டு நிறையுமுன், 1925-இல், முஸ்தபா கமாலின் அரசு அதே தொப்பியைச் சட்டமியற்றித் தடுத்தது. ஐரோப்பியத் தொப்பியை அணியச் சொன்னது. அப்போது எதிர்த்தவர்கள், ஒருகாலத்தில் புதுமையாயிருந்த அத்தொப்பியையே மரபென்று கொண்டு எதிர்த்தார்கள். நேற்றைய நாகரிகம் இன்றைக்கு மரபாகிறது. ஆணையிட்டவர்கள் மாறினார்கள், குனிந்த தலை மட்டும் அதே தலை.

துருக்கிவரை செல்வானேன்? பரளச்சி இன்று விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது; 1985-க்கு முன் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது, சட்டையோ பனியனோ அணியலாகாது, கிராப்பு வெட்டலாகாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேனியை மறைக்கலாகாது. வெயிலுக்குக் குடையும் காலுக்குச் செருப்பும் ஆகா. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராயிருந்த ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். அம்மக்களுக்கு ஒரு சட்டை வெறும் நாகரிகமா? அது விடுதலை. ‘ஆடை மாறுகிறதே’ என்ற கூக்குரலுக்குள் எத்தகைய அதிகாரம் ஒளிந்திருக்கக்கூடும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி.

அந்த அதிகாரம் நம் வீடுகளில் சிறிய உருவில் குடியிருக்கவில்லையா? நம் ஆண்கள் கைலியை விட்டு முழுக்கால் சட்டைக்கு மாறியபோது மார்க்கம் போயிற்றென்று எவரும் அழவில்லை. நம் பெண்களின் வெள்ளைத் துப்பட்டி பல ஊர்களில் மறைந்து, வளைகுடாப் பயணங்கள் பெருகிய பின்னர் கறுப்பு அங்கி பரவியது. அதுவும் மாற்றமே. துப்பட்டி போர்த்திய நம் பாட்டிமாரை நாணம் குறைந்தவர் என்று சொல்ல எவருக்கேனும் நா எழுமா? ஆடைக்கு ஒழுக்க வரம்பு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அவ்வரம்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதைக் காக்கும் பாரத்தை மகளின் தோளில் மட்டும் ஏற்றுவது நீதியன்று.

“அப்படியானால் வருவதெல்லாம் வரட்டும் என்கிறீரா?” என்று கேட்பீர்கள். இல்லை. வழக்காட வேண்டிய மாற்றம் ஒன்று நம் கண்ணெதிரே நடந்தது. நம்முடையது பருத்தி விளையும் கரிசல்; அருப்புக்கோட்டையோ தறியொலியால் பெயர்பெற்ற ஊர். செயற்கை இழைத் துணி வந்தபோது ஏழைகள் அதைப் பகட்டுக்காகவா வாங்கினார்கள்? விரைவில் உலர்ந்தது, எளிதில் கசங்கவில்லை, நெடுநாள் கிழியாமல் உழைத்தது. சித்திரை வெயிலில் அது வியர்வையை உறிஞ்சாமல் உடலோடு ஒட்டிக்கொண்டபோதும் பொறுத்துக்கொண்டார்கள். மற்றொரு பக்கம் விசைத்தறி பெருக, கைத்தறி ஒடுங்கிற்று. இதற்காக நம் வீடுகளில் எத்தனை வழக்கு நடந்தது? மகளின் சட்டைக்கை நீளத்தை அளந்த நாம், நெசவாளியின் கூலியை அளந்ததில்லை.

அளந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. 1921 செப்டம்பர் 14-இல் கிலாபத் தலைவர் மௌலானா முகம்மது அலி வால்டேரில் கைது செய்யப்பட்டார். அவருடன் பயணம் செய்த காந்தியடிகள் அங்கிருந்து தமிழகம் வந்தார். அந்நியத் துணியைக் களையுங்கள் என்று அவர் சொன்னபோது, கதர் வாங்க எங்களிடம் பணமில்லையே என்றனர் ஏழை மக்கள். செப்டம்பர் 22-இல் மதுரையில் அவர் தம் ஆடையை முழங்காலளவுத் துண்டாகக் குறைத்துக்கொண்டார். எண்ணிப் பாருங்கள்: பிறருடைய ஆடையை முழங்காலோடு நிறுத்தினார்கள் சிலர், பிறருக்காகத் தம் ஆடையை முழங்காலோடு நிறுத்திக்கொண்டார் ஒருவர். துணியின் நீளம் ஒன்றே, அறம் வேறு.

இறையச்சமே மேலான ஆடை என்று கற்றவர்கள் நாம். ஆகவே பெருநாள் பயணத்தில் வழக்கு நடக்கட்டும். கேள்விகள் மட்டும் மாறட்டும். கடன்பட்டு வாங்குகிறோமா? நெய்தவருக்குக் கூலி சேருமா? அண்டை வீட்டு ஏழைக் குழந்தைக்கும் ஒன்று எடுத்தோமா? உடுத்தப்போகிறவளின் விருப்பத்தை ஒரு சொல் கேட்டோமா? இவற்றுக்கெல்லாம் விடை சொன்ன பிறகு, மகனுடைய கால்சட்டையைப் பற்றிப் பேசலாம், பேருந்து ஊர் சேர்வதற்குள் நேரமிருந்தால்.