பசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டே அரிசியைக் குறைத்திருப்பவர்கள் பாதியில் விட்டுவிடாமல் படியுங்கள்.

நான் இருக்கும் ஒரு வாட்சப் குழுவில் முந்தாநாள் ஒரு அம்மா கேட்டிருந்தார். "சோற்றை விட்டுப் பத்து நாள் ஆச்சு. மூணு கிலோ குறைஞ்சிருக்கு. ஆனா பதினோரு மணிக்குக் கண்ணை இருட்டுற மாதிரி பசிக்குது. என்ன செய்ய?"

வந்த பதில்களைப் பாருங்கள். "அது பசி இல்லை, நாக்கு ருசி." "தண்ணியைக் குடிச்சுட்டு வேற வேலையைப் பாருங்க." "மனக்கட்டுப்பாடு வேணும் மேடம்." ஒரு புண்ணியவான், "பேலியோவில் பசிக்கவே பசிக்காது. பசிக்குதுன்னா திருட்டுத்தனமா ஏதோ சாப்பிடுறீங்க" என்றே எழுதிவிட்டார். அதற்கு பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

பதில் போட்டவர்களில் ஒருவர்கூட "நீங்க என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்கவில்லை.

எனக்குக் கோபம் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. இதே உபதேசத்தை நம்பி நானே ஒருநாள் விழப் பார்த்தவன்.

ஓய்வு பெற்ற பிறகு எடை கூடியது, சர்க்கரையும் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அரிசியைக் குறைத்தேன். காலையில் இரண்டு முட்டை, வெண்ணெய் போட்ட காபி, அவ்வளவுதான். எடை இறங்கியது. பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசினேன். சாப்பாட்டை மாற்றியதை மருத்துவரிடம் மட்டும் சொல்லவில்லை. மாத்திரை அளவும் பழையபடியே ஓடியது. முழுக்க என் தப்புதான்.

அந்த நாட்களில் ஒருநாள், வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் பாடம் நடத்திய மேகமலைக்கு ஒரு விசேஷத்துக்காகப் போனேன். சின்னமனூரில் காலை பஸ். தென்பழனி சோதனைச் சாவடி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் ஏறி, மேலே போய் இறங்கும்போதே நல்ல பசி. "இதுதான் சோதனை, தாண்டிவிட்டால் ஜெயித்தோம்" என்று குழுவில் படித்தது ஞாபகம் வந்தது. தேயிலைச் சரிவில் ஏறி நடந்தேன். வியர்த்தது. மேகமலைக் குளிரில் வியர்க்கிறதே என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. நெஞ்சு படபடத்தது. பேசினால் வார்த்தை குழறியது.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இன்று கொழுந்து எடுக்கும் தொழிலாளி, எதிரே வந்தவள் என் கையைப் பார்த்தாள். "சார், கை நடுங்குது. உக்காருங்க." நான் ஒன்றுமில்லை என்றேன். அவள் கேட்கவில்லை. லயத்து வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கட்டஞ்சாயா, பாதி சீனி, கொண்டுவந்து குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் உலகம் திரும்பி வந்தது. "எங்க அம்மாவுக்கும் இப்பிடித்தான் சார் வரும். பசிச்சா சாப்பிட வேண்டியதுதானே, எதுக்கு அடக்குறீங்க?" என்றாள்.

முப்பத்து மூன்று ஆண்டு அறிவியல் பாடம் நடத்தியவனுக்கு அன்று அவள் பாடம் நடத்தினாள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் குறைமாவு உணவுக்கு எதிரி இல்லை. இன்றும் என் தட்டில் சோறு ஒரு கரண்டிதான். நாலு இட்லியில் புரதம் எட்டு கிராம் தேறினால் பெரிது. மீதி பெரும்பாலும் மாவு. எட்டு மணிக்கு இட்லியும் தண்ணிச் சட்னியும் சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளைகள் மூன்றாம் பீரியடில் சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை வருஷக்கணக்கில் பார்த்தவன் நான். 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. 2024-இல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், மொத்தக் கலோரியில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. சோற்றைக் குறை என்பது சரியான பேச்சுதான்.

"எங்க தாத்தா மூணு வேளையும் சோறு தின்னு தொண்ணூறு வயசு வாழ்ந்தாரு" என்று கிளம்புவோருக்கும் ஒரு பதில். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அந்தத் தண்ணீரில் இருபோகம் விளைவது 14,707 ஏக்கர். அந்த வயலில் ஏர் பிடித்து, நாற்று நட்டு, அறுத்து, தலையில் கட்டுச் சுமந்தவர் உங்கள் தாத்தா. ஆண்டிபட்டிப் பக்கத்து மானாவாரிக்காரருக்கு அன்றாடம் கம்பும் சோளமும்தான், நெல்லுச்சோறு விசேஷத்துக்கு. நாம் டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டு தாத்தாவின் தட்டை மட்டும் வாரிசாகக் கேட்கிறோம்.

ஆக, சண்டை சோற்றைப் பற்றியது இல்லை. பசியைப் பற்றியது.

தமிழில் பேலியோவை முகநூல் வழியாகப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நியாண்டர் செல்வன். அவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். பட்டினி கிட என்று அவர்கள் சொல்லவில்லை. முட்டை, இறைச்சி, பனீர், காய்கறி என்று வயிறு நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். ஆரம்பிக்கும் முன் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். அது வாட்சப்பில் கைமாறிக் கைமாறி வரும்போது பரிசோதனை உதிர்ந்தது, வயிறு நிறைய என்பது உதிர்ந்தது. மிஞ்சியது "சோறு வேண்டாம், பசித்தால் பொறு" என்ற இரண்டு வரி. சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதையும் வைக்காமல் இருப்பதற்குப் பெயர் டயட் இல்லை. அதற்கு நம் ஊரில் பழைய பெயர் பட்டினி.

பசியை மனக்கட்டுப்பாட்டுக் குறை என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 இளைஞர்கள், தாமாக முன்வந்து, ஆறு மாதம் அரைவயிற்றுப் பட்டினி ஆய்வில் இருந்தார்கள். கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்த உறுதியான ஆட்கள். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குச் சாப்பாட்டு நினைப்பே பிழைப்பானது. சமையல் புத்தகங்களை வைத்துப் படித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள். அவர்களைவிட நமக்கு உறுதி அதிகமா? உடம்பு குறைவதை உடம்பு எதிர்க்கும். அது ஒழுக்கக்கேடு இல்லை, உயிரின் வேலை.

என் அனுபவத்திலும் படிப்பிலும் பசி ஒன்றில்லை, நான்கு.

முதலாவது கடிகாரப் பசி. வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் ஏறி, பிறகு தானே இறங்கும். தினமும் நாலு மணிக்கு வடை சாப்பிட்டவனுக்கு நாலு மணிக்குப் பசிக்கத்தான் செய்யும். அரை மணி நேரம் பொறுத்தால் பெரும்பாலும் போய்விடும். "தண்ணி குடி, வேலையைப் பார்" என்ற அறிவுரை இந்த ஒரு பசிக்கு மட்டும் பொருந்தும்.

இரண்டாவது உப்புப் பசி. மாவைக் குறைத்ததும் உடம்பில் சேமித்த கிளைகோஜன் கரையும். ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீர் அதோடு போகும். அந்த அம்மாவின் மூன்று கிலோவில் பெரும்பங்கு இதுதான், கொழுப்பு இல்லை. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரில் உப்பும் கூடுதலாக வெளியேறும். தலைவலி, அசதி, எதையோ தின்னச் சொல்லும் ஒரு தவிப்பு. உப்புப் போட்ட மோரோ எலும்பு ரசமோ ஒரு டம்ளர் போதும். ரத்தக்கொதிப்பு, சிறுநீரகம், இதயம் இவற்றில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

மூன்றாவது உண்மைப் பசி. சாப்பிட்டது போதவில்லை, அவ்வளவுதான். இதற்கு மருந்து சாப்பாடு. புரதமும் நாரும் வயிற்றைத் தாங்கும். இங்கேதான் இன்னொரு அநியாயம். காலையில் நூறு பாதாம் என்கிறார்கள். கிலோ எண்ணூறு, ஆயிரம் விற்கிற பாதாமை வாங்க யாரால் முடியும்? ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை, அவித்த மொச்சை, கொள்ளு ரசம், முருங்கைக்கீரைப் பொரியல், தேங்காய் போட்ட அவரைக்காய். மொச்சையிலும் கொள்ளிலும் மாவு இருக்கிறது என்று கணக்குப் புத்தகத்தை விரிப்பார்கள். இருக்கட்டும். மெதுவாகச் செரிக்கும் மாவு அது. கம்பத்துப் பன்னீர் திராட்சை விளைகிற பள்ளத்தாக்கில் பிறந்துவிட்டு, நாலு பழத்தை வாயில் போட்டதற்காக ஒருவர் குழுவில் மன்னிப்புக் கேட்கிறார். எந்தக் கோவில் விரதத்திலும் இந்தக் கொடுமை கிடையாது.

2018-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கொழுப்பையும் மறுபக்கம் மாவையும் குறைக்கச் சொன்னார்கள். கலோரி எண்ணச் சொல்லவில்லை. ஓராண்டு முடிவில் சராசரியாக ஒரு பக்கம் 5.3 கிலோ, இன்னொரு பக்கம் 6 கிலோ குறைந்திருந்தது. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எந்தச் சாப்பாட்டோடு உங்களால் பசியில்லாமல் வருஷக்கணக்கில் வாழ முடியுமோ, அதுதான் உங்கள் சாப்பாடு. மதமாற்றம் மாதிரி இதைப் பேசாதீர்கள்.

நான்காவது மாத்திரைப் பசி. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். மாவைக் குறைத்து, மாத்திரையைக் குறைக்காவிட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே போகும். அப்போது வரும் முதல் அறிகுறிகளில் ஒன்று பசி. கூடவே வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம். இந்தப் பசியைப் பொறுக்கக் கூடாது. மூன்று டீஸ்பூன் சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். கால் மணி நேரத்தில் சோதித்துப் பார்த்து, ஏறாவிட்டால் மறுபடி குடியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுகிறவர்கள் மாவை அடியோடு நிறுத்தினால் வேறொரு ஆபத்து. சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு. சாப்பாட்டை மாற்றும் முன்னாலேயே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

"மனக்கட்டுப்பாடு வேணும்" என்று எழுதிய நண்பரே, நீங்கள் நல்லெண்ணத்தில்தான் எழுதினீர்கள். ஆனால் அந்தப் பக்கம் இருப்பவர் சர்க்கரை இறங்கி மயங்கப் போகிறவரா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் முதலில் கேள்விதான் கேட்க வேண்டும். வாத்தியாராக நான் கற்ற ஒரே பாடமும் அதுதான். வகுப்பில் தூங்கும் பையனை அடிக்கும் முன், "காலையில் சாப்பிட்டியா?" என்று கேட்கக் கற்றுக்கொள்ள எனக்கே பத்து வருஷம் ஆனது. 1982-இல் சத்துணவு வந்ததும், 2022-இல் காலை உணவு வந்ததும் இந்தக் கேள்வியை ஒரு அரசாங்கம் கேட்டதால்தான். பசித்த பிள்ளையிடம் மனக்கட்டுப்பாடு பேசாத ஊர் இது. பெரியவர்களிடம் மட்டும் ஏன் பேசுகிறோம்?

இன்னொன்று. கொழுந்துக்கூடை சுமந்து நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறவளிடம், பென்ஷன் வாங்கி உட்கார்ந்திருக்கும் நான் "சோத்தைக் குறைம்மா" என்று அன்று மலையில் வாய் தவறிச் சொன்னேன். அவள் சிரித்தாள். "குறைச்சா கூடையை யாரு சார் தூக்குறது?" அவரவர் உழைப்புக்கு அவரவர் தட்டு.

முந்தாநாள் அந்த அம்மாவுக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். "என்ன மாத்திரைம்மா?" அட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். கிளிமிபிரைடு. அடுத்த முறை அப்படி வரும்போது சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். நேற்றுப் பதினோரு மணிக்குப் பார்த்தார். 58.

சீனித்தண்ணீர் குடித்து, சாப்பிட்டுவிட்டு, மகனோடு மருத்துவரிடம் போயிருக்கிறார். மாத்திரையைக் குறைத்திருக்கிறார்களாம். இன்று பதினோரு மணிக்கு ஒரு முட்டையும் கொஞ்சம் கடலையும் சாப்பிட்டதாகச் செய்தி வந்தது. அரிசிக் குறைப்பும் தொடர்கிறது.

அந்தப் பதினேழு கட்டைவிரல்களும் இன்னும் அந்தக் குழுவில் அப்படியேதான் இருக்கின்றன. போட்டவர்கள் எடுத்துவிட்டால் நல்லது.