ஆட்டுக்கு முழங்கால் எங்கே இருக்கிறது?

என் சின்ன மகள் வரைந்த ஆட்டைப் பார்த்துவிட்டு அவள் அண்ணன், "கயித்துக் கட்டிலுக்குத் தலை முளைச்சிருக்கு!" என்று சிரித்தான். அவ்வளவுதான். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனவள், விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் உள்ளே வரவில்லை.

வேறு சமயமாக இருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். ஆனால் அது எங்கள் வெள்ளச்சி. குட்டியாக வந்ததிலிருந்து அவளே தழை ஒடித்துப் போட்டு வளர்த்த ஆடு. எங்கள் பெரிய முதலியார்சாவடியை ஒட்டித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை போகிறது. போன சித்திரையில் ஒரு சாயங்காலம் ஏதோ ஒரு கார் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. முந்திரி மரத்தடியில் புதைத்தோம். போனில் படம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எல்லாவற்றிலும் ஆட்டின் மூஞ்சியும் இவள் மூஞ்சியும்தான்! முழு ஆடு ஒன்றில்கூட இல்லை. "படகு மேல ஏறி நின்னு பார்க்குமே, அப்படி வரையணும்மா" என்று அவளுக்கு ஆசை. அன்றிலிருந்து கறிக் குழம்பு வைத்தாலே தட்டை விட்டு எழுந்து போகிற பெண்.

நான் கோலத்தில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினவள். பெரிய சிக்குக் கோலத்தையும் ஒரு இழை தப்பாமல் போடுவேன். அந்தத் தைரியத்தில் பென்சிலை எடுத்தேன். சகோதரிகளே, என் ஆடு அவள் ஆட்டைவிட மோசம்! தலையைக் கையால் மறைத்தால் அது ஆடா, நாயா, முக்காலியா என்றே சொல்ல முடியாது. தப்பு காலில்தான் இருக்கிறது என்பது வரைக்கும் புரிந்தது. முன்னங்கால் முன்பக்கமாக மடங்குகிறது, பின்னங்கால் பின்பக்கமாக மடங்குகிறது. ஒரே பிராணிக்கு முழங்கால் இரண்டு விதமாக இருக்குமா?

இதற்குப் பதில் அடுப்படியில் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவமாகி, என் மாமியார் ஆட்டுக்கால் சூப் வைத்தார். பாத்திரம் கழுவும்போது எலும்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நீளமான அந்த எலும்பின் நடுவில் மெல்லிய பள்ளமாக ஒரு கோடு ஓடுகிறது. கீழ்நுனியோ இரண்டாகப் பிரிந்து இரண்டு உருளைகளாக இருக்கிறது. அதில்தான் இரண்டு குளம்பும் மாட்டிக்கொள்கின்றன. விசாரித்துப் படித்ததில் தெரிந்தது: நம் உள்ளங்கையில் விரலுக்கு ஒன்றாக இருக்கும் எலும்புகளில் இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றானதுதான் அது. குளம்பு என்பது நகம். நாம் ஆட்டுக்கால் என்று வாங்குவது உண்மையில் ஆட்டின் கையும் பாதமும்தான்!

அப்படியானால் முன்னங்காலில் 'முட்டி' என்று நாம் சொல்வது மணிக்கட்டு. பின்னங்காலில் பின்பக்கம் துருத்திக்கொண்டிருப்பது குதிகால். நிஜமான முழங்கால் மேலே, வயிற்றோரம் மடிப்பு விழுகிற இடத்தில், தோலுக்குள் இருக்கிறது. அது நம்முடையதைப் போல முன்பக்கம்தான் பார்க்கிறது. முழங்கை நெஞ்சோரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆடு ஜன்மம் பூராவும் விரல் நுனியில்தான் நிற்கிறது. சந்தேகமாக இருந்தால் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி, கால் விரலில் நின்று பாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள். மாமியார் பார்த்தால் வேறு ஏதாவது நினைத்துக்கொள்ளப் போகிறார்!

எனக்குக் கோலப் புள்ளி ஞாபகம் வந்தது. சிக்குக் கோலத்தில் கோட்டையா முதலில் போடுகிறோம்? புள்ளி வைத்துவிட்டால் கோடு தானே சுற்றி வருகிறது. ஆட்டுக்கும் அப்படியே. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் தொடங்கும் இடம் என்று முன்னங்காலுக்கு நாலு புள்ளி. இடுப்பு, முழங்கால், குதிகால், விரல் தொடங்கும் இடம் என்று பின்னங்காலுக்கு நாலு. புள்ளிகளைக் குச்சிக் கோட்டால் சேர்த்த பிறகுதான் சதையும் தோலும். முதலிலேயே வெளிக்கோட்டைப் போட்டதுதான் நானும் அவளும் செய்த பிசகு.

ஆனால் இதை அவளுக்கு எப்படிக் காட்டுவது? எலும்புகளைச் சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்து (குக்கரில் ரொம்ப நேரம் விட்டால் பொடிந்துவிடும்), தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் காயவைத்தேன். அவளாக வந்து பார்த்துவிட்டாள். "இது வெள்ளச்சியா?" என்று கேட்டாளே, என் வயிறு கலங்கிப்போயிற்று. "இல்லடி கண்ணு, கடையில வாங்கினது" என்றேன். ஒன்றும் பேசாமல் இறங்கிப் போய்விட்டாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மூன்றாம் நாள் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். "வெள்ளச்சிக்கும் உள்ளே இதே மாதிரிதான் இருந்துச்சாம், ஆயா சொன்னாங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இது கையா, காலா?" என்று எலும்பை அவளே எடுத்தாள்.

அதற்குப் பிறகு கேள்விக்குக் குறைவில்லை. படகிலிருந்து குதிக்கும்போது வெள்ளச்சியின் தோள்பட்டை மேலே எழும்பி இறங்குமாம், ஏன்? நான் தேடிப் பார்த்துச் சொன்னேன்: நமக்கு இருக்கும் காறை எலும்பு ஆட்டுக்குக் கிடையாது. முன்னங்காலை உடம்போடு சேர்த்துப் பிடித்திருப்பது சதைதான், எலும்பு மூட்டு அல்ல. அதனால் குதிக்கிற அதிர்ச்சியைச் சதை வாங்கிக்கொள்கிறது. கழுத்தெலும்பு மனிதருக்கும் 7, ஆட்டுக்கும் 7, ஒட்டகச்சிவிங்கிக்கும் 7 என்றபோது வாயைப் பிளந்தாள்.

மரக்காணத்துக்கு ஒரு விசேஷத்துக்குப் போனபோது உப்பளத்தைத் தாண்டிக் கழுவெளியில் பூநாரைகள் நின்றன. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்களே, அதே கழுவெளிதான். "அம்மா, குதிகால் எவ்ளோ உயரத்துல இருக்கு பாரு!" என்று கத்தினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன்?

எலும்பைப் பார்த்து வரைவது பெண்பிள்ளைக்கு அழகா என்று கேட்கிறவர்களும் உண்டு. பிரான்ஸில் ரோஸா பொனர் என்று ஒரு ஓவியர், 1822-ல் பிறந்தவர். சிறுமியாக எழுத்துக் கற்கச் சிரமப்பட்டபோது, எழுத்துக்கு ஒரு மிருகம் வரையச் சொல்லி அவருடைய அம்மாதான் படிக்கவைத்தாராம். வளர்ந்த பிறகு பாரிஸ் கசாப்புக் கூடங்களுக்கே போய்ப் பார்த்து வரைந்திருக்கிறார். அங்கெல்லாம் போய்வர வசதியாகக் கால்சட்டை போட்டுக்கொள்ள, அந்தக் காலத்தில் போலீஸில் அனுமதி வாங்க வேண்டியிருந்தது! 1853-ல் அவர் காட்சிக்கு வைத்த குதிரைச் சந்தை ஓவியம் 16 அடிக்கு மேல் நீளம். இப்போது நியூயார்க்கில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. எந்த மூட்டு எங்கே மடங்கும் என்று தெரியாமல் அதைச் செதுக்கியிருக்க முடியாது. ஐயனார் கோயில் மண்குதிரைக்குக் கால் தூண் மாதிரி இருக்கிறதே என்று என் மகன் கேட்டான். அத்தனை மண்ணின் பாரத்தையும் அந்தக் கால்தானே தாங்க வேண்டும், குயவரைக் குறை சொல்லக்கூடாது.

எலும்பை வீட்டில் வைக்க மனம் ஒப்பாதவர்கள் லீவு நாளில் பிள்ளைகளை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகலாம். 1851-ல் தொடங்கியது; வெள்ளிக்கிழமை விடுமுறை. யானை எலும்புக்கூடும், 1874-ல் மங்களூர்க் கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடும் இருக்கின்றன. திமிங்கிலத்தின் துடுப்புக்குள்ளே கையெலும்பும் விரலெலும்பும் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். ஒரு எச்சரிக்கை: கரையில் செத்து ஒதுங்கும் எதையும் பிள்ளைகள் தொட விடாதீர்கள். பங்குனி ஆமையின் ஓட்டையோ எலும்பையோ வீட்டுக்குக் கொண்டுவருவது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றமும்கூட. கறிக்கடை எலும்பைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

வெள்ளச்சி இப்போது படகின் மேல் நிற்கிறது. குதிகால் சரி, மணிக்கட்டு சரி. வாலில்தான் தகராறு. "செம்மறிக்குத்தான்டி வால் தொங்கும், வெள்ளாட்டுக்கு மேல தூக்கி நிக்கும்" என்று என் மாமியார் சொல்லிவிட்டார். இதுவரை ஐந்து தடவை அழித்துவிட்டாள். அந்த இடத்தில் தாளே ஓட்டை விழும்போல் இருக்கிறது.