பலகை ரேகை

இந்த வாரம் எனக்கு மனசு நிறைந்த வாரம். மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் தம்பி, ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். உள்ளே நூற்றுக்கும் மேல் படங்கள். சயான் ரயில்வே மேம்பாலத்தை உடைத்தபோது எடுத்தவை கொஞ்சம். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, மறுகட்டுமானத்துக்காக இடிபடும் நான்கு மாடிக் கட்டடத்தில் எடுத்தவை மீதி.

சயான் பாலத்தைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1912இல் கட்டியது. 2024 ஆகஸ்ட் 1 அன்று வாகனங்களுக்கு மூடினார்கள். அதன் பிறகு தாராவிக்காரர்கள் சுற்றிய சுற்று பற்றி இரண்டு வாரம் எழுதினேன். இன்றும் அதற்குத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் தம்பி கொண்டுவந்த ஒரு படம் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் அவன் காட்டியது அவன் எடுத்த படம் இல்லை. "அண்ணாச்சி, இதைப் பார்த்துத்தான் எனக்கு ஆசையே வந்துச்சு" என்று இங்கிலாந்துப் படங்கள் சிலவற்றைத் திறந்தான். டைன் ஆற்றின் தென்கரையில் இருக்கும் கேட்ஸ்ஹெட் ஊரில் டிரினிட்டி ஸ்கொயர் என்றொரு பல அடுக்குக் கார் நிறுத்தம் இருந்தது. 1967இல் திறந்தார்கள். ஓவன் லூடரின் நிறுவனத்துக்காக அதை வடிவமைத்தவர் ராட்னி கார்டன். பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட், தட்டுத் தட்டாக ஊருக்கு மேலே எழும்பி நிற்கும். உச்சியில் ஓர் உணவகத்துக்கு இடம் கட்டினார்கள். அங்கே உணவகம் வரவே இல்லை. 1971இல் வந்த 'கெட் கார்ட்டர்' படத்தில் மைக்கேல் கெய்ன் ஓர் ஆளை அங்கிருந்துதான் கீழே தள்ளுவார். ஊரில் பலருக்கு அந்தக் கட்டடம் கண்ணில் விழுந்த தூசி. பலருக்கு அதுதான் ஊரின் அடையாளம். 2010இல் இடித்தார்கள். ஒரே நாளில் வெடி வைத்துச் சாய்க்காமல், நீண்ட கழுத்து இயந்திரங்களைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்னவைத்தார்கள். ஊரே கேமராவோடு வந்து நின்றது. உடைந்த கான்கிரீட் துண்டுகளைத் தகர டப்பாவில் போட்டு நகராட்சியே விற்றது. வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள்.

"நம்ம நாட்டுல இப்படி யாரும் ஒரு கட்டடத்துக்காக நிக்கிறதில்லையே" என்றான் தம்பி.

நின்றார்கள் என்றேன். அலமாரியிலிருந்து ஒரு கனத்த புத்தகத்தை எடுத்தேன். சூரிச்சின் பார்க் புக்ஸ் 2016இல் வெளியிட்ட 'தி ஸ்ட்ரக்சர்: வொர்க்ஸ் ஆஃப் மகேந்திர ராஜ்'. கட்டடக் கலைஞர்களைப் பற்றிப் புத்தகங்கள் நிறைய உண்டு. கட்டடத்தை நிற்கவைக்கும் பொறியாளரைப் பற்றி இப்படி ஒரு புத்தகம் நம் நாட்டில் அபூர்வம். 1924இல் பிறந்து 2022இல் மறைந்த மகேந்திர ராஜ், சண்டிகரில் லெ கொர்பூசியரின் கட்டடங்களுக்காக உழைத்தவர். 1960இல் சொந்தத் தொழிலை நம் பம்பாயில்தான் தொடங்கினார். சார்லஸ் கொரியாவும் பி.வி. தோஷியும் ராஜ் ரேவலும் மனசில் கண்ட வடிவங்களுக்கு எலும்பு கொடுத்தவர் அவர். அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்தவை கம்பி வரைபடங்கள். எந்தக் கம்பி எங்கே வளைந்து எதற்குள் நுழைகிறது என்று கோடு கோடாக இருக்கும். நல்ல பின்னல் கோலத்தைப் பார்ப்பதுபோல ஒரு பக்கத்திலேயே அரை மணி நேரம் இருந்துவிடலாம்.

அதில் டெல்லி பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் பக்கங்களைத் திறந்து தம்பிக்குக் காட்டினேன். சுதந்திரத்தின் 25ஆம் ஆண்டில், 1972இல், 'ஏசியா 72' வர்த்தகக் கண்காட்சிக்காக எழுந்த மண்டபம். வடிவமைத்தவர் ராஜ் ரேவல், பொறியாளர் மகேந்திர ராஜ். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. முக்கோணம் முக்கோணமாகக் கோத்த சட்டகமே சுவர், அதுவே கூரை, அதுவே வெயிலை மறைக்கும் ஜாலி. மற்ற நாடுகளில் இந்த மாதிரிச் சட்டகத்தை எஃகுக் குழாய்களால் செய்வார்கள். அன்று நம்மிடம் அவ்வளவு எஃகு வாங்கப் பணம் இல்லை. இருந்தது ஆள்பலம். ஆகவே எஃகில் செய்யவேண்டியதைக் கான்கிரீட்டில், அதுவும் நிற்கவேண்டிய இடத்திலேயே வார்த்தார்கள்.

இது எவ்வளவு பெரிய வேலை என்று கட்டுமான இடத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சாய்ந்த உறுப்புக்கும் முதலில் மரத்தால் ஓர் உறை அடிக்கவேண்டும். உறைக்குள் கம்பியைக் கட்டி இறக்கவேண்டும். நாலாபக்கத்திலிருந்தும் உறுப்புகள் வந்து சேரும் முடிச்சில் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வழி கண்டுபிடிக்கவேண்டும். அப்புறம் கலவை, அந்தக் கலவை உறையின் மூலை வரை இறங்கவேண்டும். இதெல்லாம் மனிதக் கை செய்தது.

2017 ஏப்ரல் 23 ஞாயிறு இரவில் அதை இடித்துவிட்டார்கள். அறுபது வயது ஆனால்தான் பாரம்பரியக் கட்டடம் என்று டெல்லியின் பாரம்பரியக் குழு சொல்லிவிட்டது. மண்டபத்துக்கு வயது 45. அதைக் காப்பாற்றக் கேட்ட மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அடுத்த நாள் பத்திரிகைகளில் நான் பார்த்தது வெறும் குவியலை. கேட்ஸ்ஹெட்காரர்களுக்குக் கிடைத்த அவகாசம் நமக்குக் கிடைக்கவில்லை. மதன் மகட்டா என்ற டெல்லிப் புகைப்படக் கலைஞர் அந்த மண்டபத்தைக் கருப்பு வெள்ளையில் எடுத்துவைத்திருந்தார். அவர் படங்கள் இருப்பதால் அதன் பெருமை இன்றும் கண்ணுக்குத் தெரிகிறது. 2022இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தெற்காசியக் கட்டடக் கலைக்கு ஒரு கண்காட்சி நடத்தியபோது, நம் நாட்டில் நின்றிருக்கவேண்டிய மண்டபம் அங்கே படமாக நின்றது.

ஆனால் எனக்கு ஒரு தீராத குறை உண்டு. ரேவல் பெயர் தெரியும். ராஜ் பெயர் தெரியும். திறந்துவைத்தவர்கள் பெயர்கள் எப்போதும் கல்லில் இருக்கும். அந்த முக்கோணங்களுக்குப் பலகை அடித்தவர் பெயரை நான் எங்கும் கண்டதில்லை.

இந்தக் குறை எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை இத்தனை வருஷத்தில் இங்கே எழுதியதில்லை. என் அப்பா, கான்கிரீட் வார்க்கப் பலகை அடிக்கும் சென்ட்ரிங் வேலைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தவர். விடியுமுன் கூலியாட்கள் கூடும் நாகாவில் போய் நிற்பார். மேஸ்திரி கைகாட்டினால் வேலை. மாலையில் எங்கள் கோலி வீட்டுக்குத் திரும்பும்போது ஒரு சாக்குப்பை கொண்டுவருவார். அதில் பிரித்த பலகைகளிலிருந்து பிடுங்கிய ஆணிகள், எல்லாம் வளைந்து கிடக்கும். நானும் தங்கச்சியும் வாசற்படிக் கல்லில் ஒவ்வொன்றாக வைத்துச் சுத்தியலால் நிமிர்த்துவோம். வளைவு மேலே இருக்கும்படி வைத்து, உருட்டிக்கொண்டே மெல்லத் தட்டவேண்டும். ஓங்கி அடித்தால் ஆணி இன்னொரு பக்கம் வளைந்துகொள்ளும். நிமிர்ந்த ஆணி அடுத்த நாள் இன்னொரு பலகையில் ஏறும்.

மாட்டுங்காவில் ஒரு கட்டடத்தில் வேலை நடந்தபோது ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கான்கிரீட் தளம் போட்டு 14 நாள் கழித்து முட்டுக்கம்புகளைப் பிரிக்கும் நாள். நீளமான உத்திரம் என்றால் 21 நாள் பொறுக்கவேண்டும். அதற்கு முன்னால் முட்டுக்கம்பைத் தட்டுகிறவன் கொலைகாரன் என்பார் அப்பா. கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். பலகைகள் ஒவ்வொன்றாக இறங்க இறங்க, கான்கிரீட்டின் அடிப்பரப்பில் மரத்தின் வரிகள் அப்படியே தெரிந்தன. இங்கே ஒரு கணு, அங்கே இரண்டு பலகை சேர்ந்த கோடு, ஓர் ஓரத்தில் ஆணித்தலையின் வட்டம். ஈரமாக, சாம்பல் நிறத்தில், கல்லே மரமாகிவிட்டதுபோல இருந்தது. அப்பா என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "இப்பவே நல்லாப் பாத்துக்கோ. நாளைக்குக் கொத்தனார் பூசிருவாரு."

பூசிவிட்டார்கள். அதற்கு மேல் வெள்ளை அடித்தார்கள். அந்த வீட்டில் குடியிருந்தவர்கள் ஒருவரும் என் அப்பாவின் பலகையைப் பார்த்ததில்லை.

தம்பி எடுத்த படங்களில் நாற்பதாவதோ ஐம்பதாவதோ என் கையை நிறுத்தியது. அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் பொக்லைன் மோதி, பூச்சு ஒரு பாளமாகக் கழன்று விழுந்த உத்திரம். பூச்சு போன இடத்தில் மர வரி. கணு. பலகை சேர்ந்த கோடு. யாரோ ஒருவர், பல வருஷத்துக்கு முன்னால், அடித்துப் பிரித்துவிட்டுப் போனது. பலகை வரி வெளிச்சத்தைப் பார்ப்பது இரண்டே தடவை என்று அப்போது எனக்கு உறைத்தது: பலகை பிரித்த நாள் ஒன்று, இடிக்கிற நாள் ஒன்று. இப்போது எழும் கோபுரங்கள் பலவற்றில் அலுமினிய அச்சு வந்துவிட்டது. பிரித்தால் கண்ணாடிபோல வழவழப்பு. மரம் தொட்ட கான்கிரீட் மும்பையில் இனிமேல் இடிபாட்டில்தான் தெரியும்.

ஆகவே படம் எடுக்கிற தம்பி தங்கச்சிகளுக்குச் சொல்கிறேன். புழுதி எழும்புகிற படம் போதும். கட்டடம் சரிகிற படமும் போதும். கிட்டே போங்கள். அனுமதி வாங்கி, தலைக்கவசம் போட்டு, இயந்திரம் ஓய்ந்த நேரத்தில் கிட்டே போய்ப் பலகை வரியை எடுங்கள், வளைத்த கம்பியின் கொக்கியை எடுங்கள். தாராவியில் 2024 மார்ச்சில் மறுகட்டுமானத்துக்கான கணக்கெடுப்பு தொடங்கி வீடுகளுக்கு எண் எழுதினார்கள். அந்த வீடுகளை ஒரு தளம், அப்புறம் இன்னொரு தளம் என்று தூக்கியவர்கள் பலர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டை இடிக்கிற நாளுக்காகக் கேமராவோடு காத்திருக்கவேண்டாம். இன்றைக்கே போய், இந்தச் சுவரைக் கட்டினது யார் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்கவேண்டும்.

புதன்கிழமை தம்பி மறுபடி அந்த இடத்துக்குப் போயிருக்கிறான். பங்கார் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய கம்பிகளை ஒருவர் கீழே உட்கார்ந்து நிமிர்த்திக்கொண்டிருந்தாராம். அவரைப் படம் எடுத்துவந்து காட்டினான். இடிபாட்டுக் கல்லின் மேல் கம்பி, வளைவு மேலே பார்த்து. ஒரு கை உருட்டுகிறது, மறு கை தட்டுகிறது. ஓங்கி அடிக்கவில்லை.

படத்துக்குக் கீழே தம்பி அவர் பெயரைக் கேட்டு எழுதியிருந்தான்.